மூப்பும் மறதி நோயும்

முதுமையில் மறதி இயல்பு என்று கூறுவது நம் வழக்கம். மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும், தெரிந்தவரின் பெயர் நாவில் வராமல் நின்று சற்று நேரம் கழித்துத் தானே நினைவுக்கு வருவதும் மூப்பின் இயல்பே. ஆனால் மூக்குக்கண்ணாடி எதற்கு உதவுவது என்பதையே மறப்பதும், நாற்பது ஆண்டுகள் நடந்த தெருவில் வழி தெரியாது திகைப்பதும், பெற்ற மகனையே யார் என வினவுவதும் மூப்பன்று, நோய். இவ்வேறுபாட்டை அறியாமையால் எத்தனையோ இல்லங்களில் வீண் கலகம் விளைகின்றது.

இத்தகைய நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1901ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்னும் 51 வயது அம்மையார் சேர்க்கப்பட்டார். நினைவு குன்றியதோடு, கணவர்மீது காரணமற்ற ஐயமும் அவருக்கு இருந்தது. 1906இல் அவர் இறந்தபின், அவரது மூளையை அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது, நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளும், உள்ளே சிக்குண்ட நூல் போன்ற இழைகளும் காணப்பட்டன. அப்படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தாலும், இழைகள் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்தார் கண்டது.

பேய் பிடித்தது என்பாரும், முன்வினை என்பாரும் இதனைக் கருதுக. நம்மவருள்ளும் முன்வினை என்று சொல்வோர் இருக்கின்றனர். வேதனைகள் யாவும் முன்வினையால் வருவன என்னும் கொள்கையை மோலிய சீவகருக்குப் பகவர் மறுத்துரைத்ததும், பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாறுதல் முதலியவற்றாலும் அவை பிறக்கும் என்று விளக்கியதும் சம்யுத்த நிகாயத்தில் உள்ளன. அதனை அவர்கள் அறிவார்களாக.

இந்நோய் முதலில் தாக்குவது புதிய செய்திகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியை. ஆதலால் சிறுமியாய் இருந்தபோது கற்ற பாட்டைத் தவறின்றிப் பாடும் மூதாட்டி, காலையில் உண்டதை அறியார். "எனக்குச் சோறே போடவில்லை" என்று அண்டை வீட்டாரிடம் அவர் கூறும்போது அது பொய்யன்று. அவர் உள்ளத்தில் அந்த உணவு பதியவே இல்லை. சுருக்குப்பையை அரிசிப் பானையில் ஒளித்தவரும் அவரே. ஒளித்ததை மறந்து மருமகளைக் கள்ளி என்பவரும் அவரே. நாள் முழுதும் அருகிலிருப்பவள் மருமகளாதலின் பழி அவள்மீதே விழுகின்றது. தொலைவில் வாழும் மக்கள் திங்களுக்கொரு முறை வந்து, தாயின் சொல்லைக் கேட்டு அவளைக் கடிந்து செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். பணியும் அவளுக்கு, பழியும் அவளுக்கு! அங்ஙனம் கடிந்தவர்கள் ஒரு வாரம் தாயைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இந்தியாவில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோய்களுக்கு ஆளாகியிருப்பதாக 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எனினும் மறதியெல்லாம் அல்சைமர் ஆகாது. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைப் பெரும்பாலும் சீர்செய்யலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையின்றி "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடல் ஆகாது. அல்சைமர் நோயை அறவே நீக்கும் மருந்து இல்லை. டோனபெசில் முதலியன சிலருக்குச் சில காலம் துணைசெய்கின்றன. அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப், தொடக்க நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுத் தணிப்பது மட்டுமே.

இனி, வீட்டார் செய்யத்தக்கவை. நோயாளியிடம் வாதாடுதல் பயனற்றது. "இப்போதுதானே உண்டீர்கள்" என்று மெய்ப்பிக்க முயல்வதைவிட ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுப்பது நன்று. மாலையில் பலருக்குக் கலக்கம் மிகும். அப்பொழுது "அம்மா வீட்டுக்குப் போகவேண்டும்" என்று எழுந்தால், தாய் இறந்து ஐம்பது ஆண்டாயிற்று என்று சொல்லிப் புதிதாய் அழவைக்கவேண்டா. தாயைப் பற்றிக் கேட்டுப் பேசவிடலாம். விளக்கை முன்னதாகவே ஏற்றுக. முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய துணித்துண்டை உடையின் உட்புறம் தைத்து வைக்க. நோய் முற்றியபின் விழுங்குதலும் தடைப்படுமாதலால், நிமிர்த்தி அமர்த்திச் சிறு கவளமாக ஊட்டுக, படுக்கையில் ஊட்டவேண்டா. அருகிருந்து பார்ப்பவள் வாரத்தில் ஓர் இரவேனும் முழுமையாய் உறங்கும்படி, அவள் இடத்தில் வேறொருவர் அமர்க. அவ்வொருவர் மகனாகவே இருக்கட்டும்.