பேவா ஏரிக்கரையில் பதினோரு நாள்

நேபாளத்தின் போக்கராவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடக்கக் கிளம்புவதாகத் திட்டம். ஏப்ரல் மாதக் கடைசி. சுனௌலி எல்லையைத் தாண்டி, சித்தார்த்த நெடுஞ்சாலையில் வளைந்து வளைந்து ஏறிய பஸ்ஸில், ஜன்னலோரம் விற்க வந்த வெள்ளரிக்காயை வாங்கித் தின்றேன். தோல் சீவி, நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவியது. அதுதான் காரணமா, வழியில் குடித்த தண்ணீரா, தெரியாது. அன்று நள்ளிரவில் வயிற்றைப் பிடுங்க ஆரம்பித்தது. விடிவதற்குள் ஒன்பது தடவை எழுந்து போயிருப்பேன்.

காலையில் நான் செய்த காரியம் தப்பு. பையிலிருந்த லோபரமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் மலைக்குக் கிளம்பத் துணிகளை அடுக்கினேன். அந்த மாத்திரை குடலின் அசைவை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது. கடும் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. எனக்குச் சாயங்காலமே காய்ச்சல் ஏறிவிட்டது. எழுந்து நின்றால் கண் இருட்டியது.

விடுதியை நடத்திய தீதிதான் என்னைக் கவனித்தவர். கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்ததுமே, “பஹினி, ஜீவன் ஜல் குடித்தாயா?” என்றார். தீதி என்றால் அக்கா, பஹினி என்றால் தங்கை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்துக்கு நேபாளத்தில் அதுதான் பெயர். மருந்துக்கடை எதில் கேட்டாலும் கிடைக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து, முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொடுத்தார். மடக்கென்று குடித்தேன், அப்படியே வாந்தி வந்தது. பிறகு ஸ்பூன் ஸ்பூனாக, நிமிஷத்துக்கு ஒரு வாய் என்று புகட்டினார். தங்கியது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட வேண்டும். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அன்றிரவு அவர் இன்னொன்றும் சொன்னார்: “உள்தாழ்ப்பாள் போடாதே. இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது.” தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்குக் கதவைத் தாழிடுவது கை தானாகச் செய்யும் வேலை. ஆனால் மயங்கி விழுந்தால் யாராவது உள்ளே வர வேண்டுமே. நம்பத்தகுந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் படுப்பதுதான் காய்ச்சல் இரவில் பாதுகாப்பு.

மறுநாள் மலத்தில் ரத்தம் தெரிந்தது. மருத்துவர் பரிசோதனைக்கு அனுப்பி, மூன்று நாள் மாத்திரை எழுதினார். மலையைப் பற்றிக் கேட்டேன். உடம்பில் நீர் வற்றினால் தலைவலி, குமட்டல், அசதி வரும். உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதே தலைவலி, குமட்டல், அசதிதான். மேலே போன பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரைச் சுத்தமாக்க நான் நம்பியிருந்த குளோரின் மாத்திரையைப் பற்றியும் சொன்னார். மே முதல் ஆகஸ்ட் வரை நேபாளத்தில் அதிகம் தென்படும் சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணிக்குக் குளோரினும் அயோடினும் ஒரு பொருட்டே இல்லை. கொதித்தால்தான் சாகும்.

நான்காம் நாள் ஜாவுலோ சாப்பிட்டேன். அரிசியும் பருப்பும் குழையக் குழைய வேகவைத்து, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டது. அம்மா கையால் சாப்பிடும் பருப்புக் கஞ்சியின் வாசனை. நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது.

பிறகு தினமும் ஏரிவரை நடந்தேன். முதல் நாள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கரையில் அரசமரத்தடிக் கல்மேடைதான் என் இடம். தால் பாராஹி கோயிலுக்குப் பச்சையும் நீலமுமாய்ப் படகுகள் போகும். கொஞ்சம் தள்ளி, சில பெண்கள் ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துப் படகில் குவிப்பார்கள். வேர்க்கொத்திலிருந்து கறுப்பாய்த் தண்ணீர் சொட்டும். படகு விளிம்புவரை நிறையும், கரையில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். நேற்று வெட்டவெளியாக்கிய நீரில் இன்று மறுபடி பச்சை மிதக்கும். யாரும் அவசரப்பட்டு நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் என் நாட்களை எண்ணுவதை விட்டேன்.

அதுவரை மலையே தெரியவில்லை. அந்தப் பருவத்தில் புகைமூட்டம் வானத்தை மூடியிருக்கும். இரண்டு இரவு தங்கிப் போகிறவர்கள் பலர் வெறும் சாம்பல் வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் இரவு இடியோடு கொட்டித் தீர்த்தது. விடியற்காலை தீதி எழுப்பி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். வடக்கே மச்சபுச்ரே, 6,993 மீட்டர், கழுவிவைத்தது போல நின்றது. பெயருக்கு மீன்வால், ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் ஒற்றைக் கூர்முனைதான், மேற்கே போனால்தான் வால் இரண்டாகப் பிரியும். 1957-இல் ஏறிய பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சுமார் 150 அடி கீழே நின்று திரும்பியது. சிவனின் மலை என்பதால் பிறகு யாருக்கும் ஏற அனுமதி இல்லை. வெயில் ஏறி மேகம் மூடும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.

பதினோராம் நாள் ஊர் திரும்ப பஸ் ஏறினேன். தீதி ஒரு பொட்டலத்தில் அவலும், ஒரு பாட்டில் கொதித்தாறிய தண்ணீரும் கொடுத்தார். “பிஸ்தாரை ஜாவு” என்றார். மெதுவாகப் போ.