பந்தைக் கொண்டு செல்பவர்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கூடைப்பந்தாட்டம் என்றவுடன் நெடிய உருவம் கொண்டவர்கள் எம்பிக் குதித்து வளையத்தில் பந்தைப் போடும் காட்சியே நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பந்தை வளையம் வரை கொண்டு வந்தவர் யார் என்று பார்வையாளர்கள் கேட்பதில்லை. அவரைத்தான் ‘கார்டு’ என்கிறோம். உயரம் குறைந்த என்னையும் நம் கல்லூரி அணியில் அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். ஆகவே அந்த இடத்தைப் பற்றியும், அதில் நின்று நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த ஒரு தமிழ்ப் பெண்மணியைப் பற்றியும் எழுத விழைகிறேன்.

1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் தோற்றுவித்த ஆட்டம் இது. ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர்; அகலம் 15 மீட்டர்; வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். அணிக்கு ஐவர் ஆடுவர். அவர்களுள் வழக்கமாக இருவர் கார்டுகள். பந்தைத் தட்டிக்கொண்டு சென்று, யாருக்கு எப்போது கொடுப்பது என முடிவு செய்பவர் பாயின்ட் கார்டு. தொலைவிலிருந்து குறிபார்த்து எறிபவர் ஷூட்டிங் கார்டு.

2000-ஆம் ஆண்டில் உலக விதிகள் மாறின. தன் பாதிக் களத்திலிருந்து பந்தை அப்பால் கொண்டு செல்ல முன்பு 10 விநாடி இருந்தது. அது 8 விநாடியாயிற்று. வளையத்தை நோக்கி எறிய இருந்த 30 விநாடி 24 ஆயிற்று. 14 மீட்டரை 8 விநாடியில் கடப்பது நடந்து சென்றாலே முடியக்கூடியதுதான். எதிரணிப் பெண் ஒருத்தி கையை விரித்து மறித்து நிற்கும்போதுதான் அந்த 8 விநாடியின் அருமை தெரியும். 2010-இல் மூன்று புள்ளிக் கோடும் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போயிற்று. அரை மீட்டர்தானே என்று தோன்றும். பழகிய கையை மீண்டும் முதலிலிருந்து பழக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இந்த மாற்றங்களையெல்லாம் களத்திலேயே கண்டவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 1985-இல் பிறந்த இவர் ஷூட்டிங் கார்டாக ஆடியவர். பத்தொன்பதாம் வயதிலேயே இந்தியப் பெண்கள் அணியின் தலைவியானார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடி, தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் பங்கேற்றார். 2013-இல் தோஹாவில் நடந்த மூவர் ஆட்ட ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார்.

நம் போன்ற மாணவிகள் இவர் வாழ்வில் நின்று நோக்க வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. முதலாவது, ஊதியம். அமெரிக்காவில் பெண்களுக்கென 1997 முதல் தொழில்முறை லீக் நடைபெற்று வருகிறது. அனிதா ஆடிய காலத்தில் நம் நாட்டுப் பெண்களுக்கு அத்தகைய நிலையான லீக் கிடையாது. அவரைத் தாங்கி நின்றது தென்னக ரயில்வே வேலை. மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தமையால்தான் மாலையில் பந்தைத் தொட முடிந்தது. நம் சேலத்திலும் 2007 முதல் அதே தென்னக ரயில்வேயின் கோட்டம் இயங்குகிறது. விளையாட்டு வீரர்களை ரயில்வே வேலைக்கு எடுக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நானே சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

இரண்டாவது, இல்லறம். திருமணமாகிக் குழந்தை பிறந்தபின் அனிதா மீண்டும் களத்துக்கு வந்தார். 2017-இல் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்ற கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணியில் அனிதாவும் ஆடினார். 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆட்டத்திலிருந்து விலகிய பின்னர் இளையோருக்குப் பயிற்சி அளிக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் நாமக்கல்லில் லாரி ஓட்டுநர். தாயார் கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. மண்டல அளவிலான போட்டிக்கு வெளியூர் செல்ல வேண்டும் என்று சொன்ன நாளில் என் அம்மாயி, “ஏங் கண்ணு, இன்னும் ஒரு வருசத்துல கட்டிக் குடுக்கற புள்ள, பந்த வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப் போறே?” என்று கேட்டார். அப்போது என்னிடம் மறுமொழி இல்லை. தந்தையார் மட்டும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “போயிட்டு வரட்டுமுங்க அத்தை” என்றார். போனோம், முதற்சுற்றிலேயே தோற்றோம். தோற்றுத் திரும்பியவளிடம் தந்தையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அடுத்த போட்டி எப்போ?”

அம்மாயியின் கேள்வியைத் தவறு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டால் வேலை பெறுவோர் சிலரே, பெறாதோர் பலர். ஆகவே பட்டத்தை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் திருமணம் வந்தால் ஆட்டம் முடிந்தது என்பதும் விதியன்று என்பதற்கு அனிதாவின் வாழ்வே சான்று. ஒரு வேலையும், ஒரு பயிற்சியாளரும், “போய் வா” என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இருந்தால் ஒரு பெண் பதினெட்டு ஆண்டுகள் ஆட முடியும்.

கார்டு தன் கைப்பந்தைப் பார்ப்பதில்லை. தலை நிமிர்ந்து மற்ற நால்வரையும் பார்க்கிறார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கும் அப்பழக்கம் வேண்டும். நமக்குப் பின்னே தம்பி தங்கையர் இருக்கிறார்கள். பந்து இப்போது நம் கையில் இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு ஆடுகளத்துக்கு வரும் முதலாமாண்டு மாணவியருக்கு அதைத் தட்டக் கற்றுக் கொடுக்க நான் காத்திருக்கிறேன், வாருங்கள், தோழியரே!