சத்தியம் வாங்கினால் போதுமா?

பிள்ளை குடிக்கிறான், கூல் லிப் வைக்கிறான் என்று தெரிந்தால் சத்தியம் வாங்குகிறோம். அதுவும் நிற்காவிட்டால் கல்யாணம், இல்லையேல் சபர். பழக்கமும் பெட்டியோடு கூடவே போகிறது.

சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் 1989 முதல் முகாம் நடத்தியது. கிராமத்திலேயே சிகிச்சை, குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை.

நடத்தைச் சிகிச்சையில் முதல் கேள்வி, ஆசை எப்போது, எங்கே, யாரோடு இருக்கும்போது வருகிறது என்பதுதான். சம்பள நாள் மாலை என்றால், அந்த மாலைக்கு வேறு வேலை, வேறு பாதை. ஆசை கிளம்பினால் அரைமணி நேரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். அலைபோல் ஏறித் தானே இறங்கிவிடும். மறுபடி சறுக்கினால் ஏசமாட்டார்கள், எங்கே சறுக்கினான் என்று பார்ப்பார்கள்.

நமக்கு இது புதிதல்ல. போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்ற கட்டளை வந்ததுமே, ஐவேளைக்கு நடுவே குடிக்கும் நேரம் சுருங்கியது. முழுத் தடை அதன் பிறகே இறங்கியது.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

மது, கஞ்சாவுக்கு 14446, புகையிலைக்கு 1800-112-356. கட்டணமில்லை, தாய்மார்களும் பேசலாம்.