கல்யாணப் பத்திரிகை வைத்து வந்த களைப்பு

கேள்வி: எனக்கு வயது 51. ரத்த அழுத்தத்துக்கு தினமும் ஆம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை இல்லை. மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் கணவரும் ஒரு வாரம் அலைந்தோம். முதல் பத்திரிகையைத் திருநெல்வேலிப் பக்கம் உள்ள குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, அன்று ராத்திரியே பஸ்ஸில் சென்னை. அங்கே தாம்பரம், அம்பத்தூர், மயிலாப்பூர் என்று சொந்தக்காரர்கள் வீட்டு மாடிப்படிகளை ஏறி இறங்கியே பொழுது போனது. நடுவில் தி.நகரில் முகூர்த்தப் புடவை. திரும்பும் வழியில் பௌர்ணமி என்று திருவண்ணாமலையில் இறங்கி, வேண்டுதலுக்காக வெறுங்காலில் கிரிவலம். வீடு வந்த அன்றே சேர்ந்திருந்த துணியைத் துவைத்து, மாவும் அரைத்துவிட்டேன்.

நான்கு நாளாகியும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகால் சுருக்கென்று குத்துகிறது. சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. சில சமயம் எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. பக்கத்து வீட்டு அக்கா கால்சியம் குறைவு என்கிறார். மெடிக்கலில் கொடுத்த வலி மாத்திரையைப் போடலாமா? என்னோடு நடந்த கணவர் இரண்டே நாளில் தெம்பாகிவிட்டார். எனக்கு வயதாகிவிட்டதா, டாக்டர்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. களைப்பு என்று நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருப்பதற்குள் நான்கு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வந்த வழி வேறு, போகும் வழியும் வேறு. பிரித்துப் பார்த்தால் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தொடை, கெண்டைக்கால் வலி

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நம் நடைக்கு அது ஏறக்குறைய 20,000 அடிகள். பழக்கமில்லாத தசை திடீரென்று இவ்வளவு உழைத்தால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் இதை அதிகமாகச் செய்யும். இந்த வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். ஒரேயடியாகப் படுத்துவிடாமல் வீட்டுக்குள் மெதுவாக நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடமும் தைலமும் இதமாக இருக்கும், தடையில்லை. தசைவலி கடுமையாக இருந்து, சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குதிகால் குத்தல்

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வெறுங்காலோடு தார்ச்சாலையிலும் சிமென்டிலும் மணிக்கணக்காக நடந்தால் அது நைந்து போகும். ராத்திரி தூங்கும்போது அந்தப் பட்டை சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் சட்டென்று இழுபடுவதால்தான் குத்துகிறது. பத்து அடி நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ரே எடுத்தால் குதிகாலில் எலும்பு துருத்திக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது உண்டு, பயப்பட வேண்டாம்.

கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டை விரல்களுக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். முழங்கால் மடங்கக் கூடாது. முப்பது எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து விடுங்கள், மூன்று தடவை செய்யுங்கள். அதன் பிறகுதான் பாதம் தரையைத் தொட வேண்டும். சாயங்காலம், ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தரையில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள். சமையலறை மொசைக் தரையில் கொஞ்ச நாளைக்கு வெறுங்காலோடு நிற்க வேண்டாம். வீட்டுக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இது தசைவலிபோல் ஒரு வாரத்தில் போகாது, சில வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். விடாமல் செய்தால் பெரும்பாலோருக்கு ஊசி, ஆபரேஷன் எதுவும் தேவைப்படாது.

கணுக்கால் வீக்கம்

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகி, காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. பஸ்ஸில் ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுபோய், நீர் கணுக்காலில் இறங்கிவிடும். ஆம்லோடிபின் மாத்திரைக்கும் கணுக்காலை வீங்க வைக்கும் குணம் உண்டு. காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுங்கள். காலையில் வற்றிவிடுகிறதென்றால் கவலையில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகும் வீக்கம் தொடர்ந்தால் மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் கதை வேறு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில் பார்த்தால் அது சிலருக்கே வருவது. ஆனாலும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்தக் காலைத் தேய்த்துவிடக் கூடாது. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிறுகிறுப்பு

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பயந்து நம் பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கிரிவலத்தில் வியர்வையும் சேர்ந்திருக்கும். உடம்பில் நீர் குறைந்த நிலையில் பிரஷர் மாத்திரையும் உள்ளே போனால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தண்ணீர், நீர்மோர், இளநீர் என்று குடித்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு தடவை ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

இதனால்தான் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை வேண்டாம் என்கிறேன். டைக்குளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முடியவில்லை என்றால் ஓரிரு நாள் பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம்.

கணவர் மட்டும் எப்படித் தேறினார்?

அவருடைய உடல்வாகு ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு வாரத் துணி, அரைத்த மாவு. அந்த நேரத்தில் அவர் தூங்கியிருப்பார். சிதைந்த தசை தூக்கத்தில்தான் தேறுகிறது, பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். பஸ்ஸில் கண்ணயர்ந்ததெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மதியம்வரை தூங்கியும் ஈடுகட்ட முடியாது. ஒரு வாரத்துக்கு தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்தும் அசதி போகவில்லையா? அப்போது ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அசதியென்று ஒதுக்கிவிட்டு, கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு ரத்தசோகையோடு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறோம்.

நடையை விட்டுவிடாதீர்கள். வலி அடங்கியதும் தினம் அரை மணி நேரம் செருப்போடு நடங்கள். அந்தப் பழக்கம் இருந்தால் அடுத்த கிரிவலம் இவ்வளவு படுத்தாது. இனி ராத்திரிப் பயணமென்றால் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நாலடி நடங்கள். மறுநாளைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்திரிகைகள் மீதி இருக்குமே. உள்ளூருக்குக் கணவரையும் பிள்ளைகளையும் அனுப்புங்கள். வெளியூருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, போனில் வாய் நிறைய அழைத்துவிடுங்கள். யாராவது நேரில் வரவில்லையே என்று கோபித்துக்கொண்டால், டாக்டர் போகக் கூடாதென்று சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள்.