அங்சா சீறினால் ஓடாதீர்கள்

அங்சா (பெருவாத்து) வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "கடிக்குமா?" கடிக்கும். அடுத்தது: "அங்சா இருந்தால் பாம்பு வராதாமே?" வரும். இரண்டுக்கும் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

1. ஒற்றைக் குஞ்சு வேண்டாம்

இரண்டு வாங்குங்கள், முடிந்தால் மூன்று. அலகுக்கு மேலே முண்டு வைத்த சீன இனம்தான் என் தேர்வு. அதன் தொண்டைக்கு ஈடு கிடையாது. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் ஊரின் பேலன்டைன்ஸ் விஸ்கிக் கிடங்குக்கு 1959 முதல் பல பத்தாண்டுகள் காவல் இருந்தவை இந்த வகை வெள்ளை அங்சாக்கள்தான்.

முட்டையைவிட்டு வந்த குஞ்சு, முதலில் கண்ணெதிரே நடமாடுவது எதுவோ அதையே தாய் என்று எடுத்துக்கொள்ளும். இதை ஆராய்ந்த ஆஸ்திரியர் கொன்ராட் லோரன்ஸுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. குஞ்சு உங்கள் காலடியிலேயே ஓடி வருவது பார்க்க அழகுதான். ஆனால் மனிதர்களோடு மட்டுமே வளர்ந்த ஆண் குஞ்சு, பருவம் வந்ததும் உங்களைப் போட்டிக்கு வந்த இன்னோர் ஆணாக நினைத்து மோதும். கூடப் பிறந்ததோடு வளர்ந்தால் தான் யார் என்பது அதற்குத் தெரியும்.

2. முதல் சில வாரம்

பெட்டி, மரத்தூள், ஒரு பல்பு. குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. ஓரத்துக்குப் போய் வாய் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். தண்ணீர்ப் பாத்திரம் மூக்கு முங்கும் ஆழம் இருக்கட்டும், குஞ்சு உள்ளே இறங்கும் அகலம் வேண்டாம். தாயோடு வளராத குஞ்சின் மேல்தூவி நீரைத் தாங்காது. மலாக்காவின் சாயங்கால மழையில் நனையவிட்டால் விறைத்துச் செத்துவிடும்.

3. தீனி

அங்சாவுக்குப் புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. ரொட்டியும் மிச்சச் சோறும் பிராய்லர் தீனியுமாகக் கொட்டி வளர்த்தால் சிறகின் நுனி வெளிப்பக்கமாகத் திருகிக்கொள்ளும். பார்த்த உடனே தீனியைக் குறைத்து, புல்லைக் கூட்டி, சிறகை மடித்துச் சில நாள் லேசாகக் கட்டிவைத்தால் சரியாகும். எலும்பு முற்றிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஜாசின், அலோர் காஜா பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லி 2020-இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் புல்லுக்கு மருந்து அடிப்பது நிற்கவில்லை. எலிக்கும் மருந்து வைப்பார்கள். எந்தப் பக்கம் எப்போது அடிக்கிறார்கள் என்று மண்டோரிடம் கேட்டுவிட்டுத்தான் மேய விடவேண்டும்.

4. கழுத்தைப் பாருங்கள்

எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். சத்தத்தை வைத்து அங்சாவை எடைபோடாதீர்கள், கழுத்தைப் பாருங்கள்.

கழுத்து கம்பமாக மேலே நின்றால், ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது, கவனிக்கிறது என்று பொருள். அது பார்க்கும் பக்கம் நீங்களும் பாருங்கள்.

கழுத்தைத் தாழ்த்தி, தரையோடு நீட்டி, உங்களை நேராகப் பார்த்துச் சீறினால், அது எச்சரிக்கை. கழுத்து இறகு சிலிர்த்து நடுங்கினால் கோபம் ஏறுகிறது. சிறகையும் விரித்தால் அடுத்தது பாய்ச்சல்.

கழுத்தை நீட்டிக்கொண்டு, ஆனால் உங்களை நேராகப் பார்க்காமல் சற்று விலகி, தன் ஜோடியோடு சேர்ந்து கத்தினால் அது சண்டையில்லை. நாயை விரட்டிவிட்டு வந்த ஆண், பெட்டையிடம் போடும் வெற்றி ஆரவாரம் அது. இதைத் தாக்குதல் என்று நினைத்துத் துடைப்பத்தைத் தூக்குகிறவர்கள்தான் சாதுவான அங்சாவை முரடாக்குகிறார்கள்.

உண்மையாகவே சீறி வந்தால் ஓடாதீர்கள். ஒரு தடவை ஓடினால் போதும், நீங்கள் ஓடுகிற ஆள் என்று அது முடிவு கட்டிவிடும், மறுநாளும் விரட்டும். உதைக்காதீர்கள், கம்பால் அடிக்காதீர்கள். இரண்டு கையையும் அகல விரித்து, நேராக நின்று, அதை நோக்கி மெதுவாக இரண்டடி வையுங்கள். பெரும்பாலும் பின்வாங்கும். அது திரும்பிய பிறகும் துரத்தக்கூடாது.

அப்படியும் கவ்வினால் பிடித்துவிடுங்கள். ஒரு கை கழுத்தைச் சுற்றி, நெரிக்காமல். மற்றக் கையால் இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அக்குளில் இடுக்கி, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிறகு விடுபட்டால் அடி பலமாக விழும். திமிறல் அடங்கிக் கழுத்து தளரும்வரை விடாதீர்கள், பிறகு மெல்ல இறக்குங்கள். திமிறும்போது விட்டால், திமிறினால் விடுவார்கள் என்பதைத்தான் கற்றுக்கொடுத்தீர்கள்.

பெட்டை அடைகாக்கும் நாட்களில் மட்டும் எந்தப் பாடமும் வேண்டாம். ஏறக்குறைய 30 நாள். அந்தப் பக்கமே போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

5. கூட்டுக்குத் திரும்ப

தினமும் ஒரே நேரம், ஒரே குரல், ஒரே தகர டின்னில் நெல்லைக் குலுக்கும் சத்தம். டின்னை வேறு எதற்கும் குலுக்காதீர்கள். வராததை ஓட்ட, இரண்டு நீளக் கம்புகளைக் கைகளின் நீட்சியாகப் பக்கவாட்டில் பிடித்துப் பின்னால் மெல்ல நடந்தால் போதும். அவசரப்பட்டால் ஆளுக்கொரு திசையில் சிதறிவிடும்.

6. பாம்பு

அங்சா பாம்பைக் கண்டால் கத்தும், அவ்வளவுதான். மலைப்பாம்புக்கு அங்சாவே நல்ல விருந்து. கூட்டுக்குச் சிமெண்ட் தரையும், பெரிய கண் கோழிவலைக்குப் பதில் சின்னக் கண் கம்பிவலையும் போடுங்கள். இரவில் கத்தல் நிற்கவில்லை என்றால் டார்ச் அடித்துத் தூர நின்று பாருங்கள். பாம்பு என்றால் 999-ஐ அழைத்துப் பொது தற்காப்புப் படையை வரவழையுங்கள், பாராங்கை எடுக்காதீர்கள்.

கடைசியாக, தாமானில் வரிசை வீட்டில் இருப்பவர்களுக்கு: நன்றாக வளர்த்தால் அங்சா 20 வருடம்கூட வாழும், இரவு பகல் பார்க்காமல் கத்தும். அடுத்த வீட்டுக்காரர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கும் தூக்கம் வேண்டும். நீங்கள் கோழி வளர்ப்பதே நல்லது.