புகைக்குழாய் உரசினால் காரைத் தூக்காதீர்கள்

ஃபைபர் கிளாஸ் படகுகள் செய்து பழகிய புரூஸ் மேயர்ஸ், 1964ல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் அதே பொருளில் ஒரு கார் உடலை வார்த்தார். மணல்மேடுகளில் ஓட்டி விளையாட ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். எஞ்சினும் கியர்பாக்ஸும் வோக்ஸ்வேகன் பீட்டிலில் இருந்து வந்தன. ‘மேயர்ஸ் மேங்க்ஸ்’ என்ற அந்த பக்கி, 1967ல் மெக்சிகோவின் பாஹா பாலைநிலத்தில் நடந்த முதல் ‘மெக்சிகன் 1000’ பந்தயத்தை வென்றது. அதை நகலெடுத்தவர்கள் ஏராளம். காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றதும் அவர்களுக்கு வழி இன்னும் அகலமாகத் திறந்தது. 1971ல் பிரிட்டனில் ‘நோவா’ என்ற கிட் கார் வந்தது. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரைப் போல உடல் செய்து பீட்டிலின் அடித்தளத்தில் ஏற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மேலே உடல் எதுவானாலும் உள்ளே இருப்பது காற்றால் குளிரும் அதே நான்கு சிலிண்டர் எஞ்சின். அதனால் புகாரும் ஒன்றுதான்: மேடு கண்ட இடத்தில் புகைக்குழாய் தரையில் உரசுகிறது. இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களில் சில வீண்செலவு. சில எஞ்சினையே காவு வாங்குபவை.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிடலாம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. மேலிருக்கும் விசிறி காற்றைக் கீழ்நோக்கி அடிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் புகைவாய்கள். அசல் பீட்டிலில் முன்வாய்களின் புகை, பக்கவாட்டில் இருக்கும் ஹீட்டர் பெட்டிகள் வழியாகப் பின்னால் வந்து, குறுக்கே கிடக்கும் சைலன்சரில் சேரும். கிட் கார் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றி, ‘ஜே’ வடிவக் குழாய்களையும் நான்கை ஒன்றாக்கும் ஹெடரையும் மாட்டுகிறார்கள். நான்கு குழாய்களும் ஏறக்குறைய ஒரே நீளம் வர வேண்டும் என்பதற்காக ஹெடர் வளைந்து நெளிந்து இறங்குகிறது. எண்ணெய் தேங்கும் சம்ப்பையும் தாண்டித் தொங்குவது அந்த வளைவுதான்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. இந்த அமைப்பில் சைலன்சர் வரை எல்லாமே எஞ்சினில்தான் மாட்டியிருக்கிறது. காரின் உடலோடு ஒட்டுறவு கிடையாது. ஆகவே குழாய் கல்லில் இடித்தால் அந்த அடி நேரே அலுமினிய ஹெட்டில் இறங்கியிருக்கும் 8 மி.மீ. ஸ்டட்களுக்குப் போகிறது. நசுங்கிய குழாயை ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். மரை பிய்ந்த ஹெட்டுக்கு எஞ்சினைக் கீழே இறக்க வேண்டிவரும்.

நம்பிக்கை: பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் உரசாது.

தூக்குவது சுலபம் என்பது உண்மை. பீட்டிலின் பின் சஸ்பென்ஷன் முறுக்குக் கம்பியில் நிற்கிறது. அந்தக் கம்பியின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. இரண்டையும் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு பல் நகர்த்தினால் ஒரு பாகைக்கும் குறைவான மாற்றம் கிடைக்கும். காரின் உயரத்தில் அது சுமார் 6 மி.மீ. இவ்வளவு நுணுக்கமாக உயரம் திருத்தக்கூடிய கார்கள் குறைவு. அதனால்தான் எல்லோரும் முதலில் இங்கே கை வைக்கிறார்கள்.

ஆனால் 1960களின் பிற்பகுதி வரையிலான பீட்டில்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஸ்விங் ஆக்ஸில். பின்பக்கம் உயர உயர, சக்கரங்களின் மேல்விளிம்பு வெளியே சாய்ந்து, கீழ்விளிம்பு உள்ளே போகும். அந்த நிலையில் வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி, காரின் வால் மேலே எழும். 1965ல் ரால்ஃப் நாடர் எழுதிய புகழ்பெற்ற நூல் செவர்லே கோர்வேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது இதே வகை அச்சுக்காகத்தான். பின்னாளில் இரட்டை மூட்டு அச்சுக்கு வோக்ஸ்வேகனே மாறியது. உங்கள் அடித்தளம் பழையதா புதியதா என்று பார்க்காமல் பற்களை நகர்த்துவது, உரசலைக் கொடுத்துவிட்டு உருளலை வாங்கும் வியாபாரம்.

பெரிய டயர் போடலாமே? 650 மி.மீ. விட்டத்துக்குப் பதில் 690 மி.மீ. போட்டால் கிடைப்பது 20 மி.மீ. உயரம். கூடவே ஒட்டுமொத்த கியர் விகிதம் ஆறு சதவீதம் நீள்கிறது. நீர் குளிர்விக்கும் எஞ்சினில் இது சின்ன விஷயம். இங்கே குளிர்விக்கும் விசிறி எஞ்சினின் பெல்ட்டில் ஓடுகிறது. சுழற்சி குறைந்தால் காற்றும் குறையும். மேட்டில் மேல் கியரிலேயே திணறவிட்டு ஓட்டினால், சுமை கூடுகிற நேரத்தில் காற்று குறைந்து எஞ்சின் சூடேறும். காற்றடைத்த ஷாக் அப்சார்பர் மாட்டித் தூக்குவது இன்னும் மோசம். ஷாக்கின் மேல்தாங்கி அதிர்வை அடக்கச் செய்தது. காரின் பாரத்தைச் சுமக்கச் செய்ததல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேங்க்ஸ் வகை பக்கிகள் இரும்பு உடலின் பாரம் போனதால் ஏற்கெனவே உயர்ந்துதான் நிற்கின்றன. அப்படியும் குழாய் இடிக்கிறது என்றால் காரணம் வேறு. அடித்தளத்தை வெட்டிக் குறுக்கியதில், 2,400 மி.மீ. இருந்த சக்கர இடைவெளி 2,030 அளவுக்கு வந்துவிட்டது. முன்சக்கரங்கள் 100 மி.மீ. மேட்டில் ஏறும்போது, பின் அச்சுக்கு 600 மி.மீ. பின்னால் தொங்கும் குழாய் பீட்டிலில் 25 மி.மீ. தாழும், குட்டை பக்கியில் 30 மி.மீ. தாழும். நிற்கும்போது அளந்த உயரம் ஏறும்போது இருக்காது.

நம்பிக்கை: குழாயைத் தட்டையாக்கினால் எஞ்சின் மூச்சுத் திணறும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பயம் பாதிதான் நியாயம். உள்விட்டம் 40 மி.மீ. உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். உள்பரப்பு சுமார் 1,257 சதுர மி.மீ. சுற்றளவு மாறாமல் இதை 25 மி.மீ. உயரத்துக்கு அமுக்கினால் பரப்பு 1,080 ஆகும். பதினைந்து மி.மீ. உயரம் மிச்சம், இழப்பு 14 சதவீதம்தான். பேராசைப்பட்டு 15 மி.மீ. வரை அமுக்கினால் பரப்பு 766க்கு விழுந்து, 39 சதவீதம் போய்விடும். முதலில் அமுக்கும் மில்லிமீட்டர்கள் மலிவு, கடைசியில் அமுக்குபவை கொள்ளை விலை.

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய வண்டிகளில் தட்டைக் குழாய்கள் வழக்கமானவை. அவை ஓடாமலா இருக்கின்றன? தரைக்கு நெருக்கமான ஒரு நேர்ப்பகுதியை மட்டும் தட்டையாக்குங்கள். முட்டை வடிவக் குழாயாகவே வாங்கி ஒட்டுவது இன்னும் நல்லது. வளைவுகளில் கை வைக்காதீர்கள். சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிய குழாயில் தையல் பிளக்கும், தட்டைப் பரப்பு அதிர்ந்து ரீங்காரமிடும்.

நம்பிக்கை: குழாயைச் சுருக்கினால் எதிர் அழுத்தம் போய், வால்வு கருகிவிடும்.

எதிர் அழுத்தம் எந்த எஞ்சினுக்கும் மருந்தல்ல. ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது பின்னால் விட்டுச்செல்லும் தாழ்வழுத்தம் அடுத்த புகையை இழுக்கிறது. அதற்குத் தேவை அளவான விட்டமுள்ள குழாய். குழாயை மாற்றிவிட்டு கார்புரேட்டர் ஜெட்டை அப்படியே விட்டால், பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரிந்து வால்வைப் பதம் பார்க்கும். குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. இருக்க வேண்டிய வால்வு இடைவெளி இறுகிப்போனாலும் கருகும். பழி மட்டும் குழாயின் தலையில் விழுகிறது.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டைக் குழாய் வைத்தால் தரை இடைவெளி தாராளமாகக் கிடைக்குமே, ஏன் எல்லாவற்றையும் குறுக்கே இழுத்துச் சேர்க்கிறார்கள்? எரியும் வரிசை 1-4-3-2 என்பதுதான் காரணம். முதலிரண்டு சிலிண்டர்கள் ஒரு பக்கம், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம். ஆக, ஒரே பக்கத்து இரண்டும் அடுத்தடுத்து எரிந்துவிட்டு ஓய்கின்றன. தனித்தனியாக விட்டால் புகை சீராக வராது, சத்தமும் நொண்டும். பந்தய எஞ்சினுக்கு இது பெரிய இழப்பு. சாலையில் ஓடும் 1,585 சி.சி., 50 குதிரைத்திறன் எஞ்சினுக்கு, சம நீளம் பற்றிய கவலையைக் கொஞ்சம் தளர்த்தி உயரத்தை வாங்குவதே என் வாக்கு.

நம்பிக்கை: எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளைக் கழற்றினால் குழாயை மேலே ஏற்ற இடம் கிடைக்கும், காற்றும் நன்றாகப் படும்.

இந்தப் பட்டியலில் அதிகமான எஞ்சின்களைக் கொன்றது இதுவாகத்தான் இருக்கும். தகடுகள் அலங்காரமல்ல. விசிறி அடிக்கும் காற்று ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றிப் போக வைப்பவை அவை. சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் தடுப்புத் தகடு இல்லையென்றால், காற்று சுலபமான வழியில் நேரே கீழே இறங்கிவிடும். சிலிண்டரின் அடிப்பக்கம் வெந்துகொண்டே இருக்கும். வெளித்தகடுகள் இல்லையென்றால், சூடான காற்று மேலேறித் திரும்பவும் விசிறிக்குள் போகும். பழைய எஞ்சின்களில் மூன்றாம் சிலிண்டருக்கு ஏற்கெனவே ஒரு தலைவலி: எண்ணெய் குளிர்விப்பான் அதன் காற்றுவழியிலேயே நிற்கிறது. 1971 மாடலில்தான் அதைத் தனி அறைக்கு மாற்றினார்கள். தகடும் போனால் முதலில் சாவது அந்தச் சிலிண்டர்தான்.

ஹீட்டர் பெட்டிகளை எடுத்தவர்கள், விசிறிக் கூட்டில் அவற்றுக்குக் காற்று போன துவாரங்களை மூடினார்களா என்றும் பார்க்க வேண்டும். மூடாவிட்டால் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த வழியே ஒழுகிக்கொண்டிருக்கும்.

இதே காரணத்தால் எஞ்சினுக்கு அடியில் முழு இரும்புத் தகடு போட்டு மூடுவதும் ஆகாது. காற்று வெளியேறும் வழி அதுதான். முன்பின்னாக இரண்டு பட்டைக் கம்பிகள் போதும். குழாயை எஞ்சினோடு ஒட்டி ஏற்றிவிட்டு வெப்பத்துணி சுற்றினால் சரியாகிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும், சாதாரண இரும்புக் குழாய் உள்ளேயே துருவேறும். புஷ்ராட் குழாய்களின் ரப்பர் வளையங்களில் ஒழுகும் எண்ணெயையும் அது உறிஞ்சிக்கொள்ளும்; அந்தத் துணி தீப்பிடிக்க அதிகம் தேவையில்லை.

அப்படியானால் எதைச் செய்வது? பெட்ரோல் நிரப்பி, இருக்கைகளில் ஆட்களை உட்காரவைத்து, சமதளத்தில் அளவெடுங்கள். முதல் அளவு சம்ப்பின் அடித்தகட்டுக்கு. எந்தக் குழாயும் அந்தக் கோட்டுக்குக் கீழே வரக்கூடாது என்பதே இலக்கு. அதற்கு மேல் பேராசை வேண்டாம். கூடுதல் எண்ணெய்க்காக அடியில் ஆழமான சம்ப் மாட்டியிருந்தால் அதைக் கழற்றுவது முதல் வேலை. குழாய் இடித்தால் ஸ்டட் போகும். சம்ப் இடித்தால் மக்னீசியம் கலவையில் வார்த்த எஞ்சின் கூடே பிளக்கும்.

தாழத் தொங்கும் ஹெடருக்குப் பதில் ‘சைட்வைண்டர்’ வகை வாங்கலாம். அதில் நான்கு குழாய்களும் எஞ்சினின் பின்புறத்தில் மேலேயே குறுக்காக ஓடி ஒரு பக்கத்தில் சேரும். மேங்க்ஸின் பின்புறம் திறந்தது என்பதால் குழாயை மேல்நோக்கித் திருப்பவும் இடம் உண்டு. நோவா போன்ற தாழ்ந்த வாலுள்ள காரில் அது நடக்காது. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஓரத்தில் சைலன்சரைப் படுக்க வைக்க வேண்டும். எங்கே வைத்தாலும் தாங்கிகளை எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோதான் போட வேண்டும். எஞ்சின் ரப்பரில் அசையும், உடல் அசையாது. இரண்டையும் இணைத்தால் குழாய் விரிசல் விடும். ஃபைபர் கிளாஸுக்கும் குழாய்க்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டு, அலுமினியத் தடுப்பு ஒன்றும் வையுங்கள். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரியை எட்டும் முன்பே இளகத் தொடங்கிவிடும்.

குழாயை மேலே ஏற்றியதும் வருகிற புதுப் பிரச்சினை புகை. ஓடும் திறந்த காரின் பின்னால் தாழ்வழுத்தம் உருவாகி, புகையை இருக்கைகளின் பக்கம் இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழாயின் வாய் உடலின் கடைசி விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வெல்டிங் வையுங்கள்.