நைமிரிஸ் வளர்ப்போம், வீட்டிலேயே சோஸ் காய்ச்சுவோம்

கொட்டாஞ்சேனையில் கடைவேலை செய்யும் மகனுக்கும், வெள்ளவத்தையில் குடியிருக்கும் மகளுக்கும் தோட்டத்திலிருந்து பை கட்டி அனுப்பும் தாய்மார் அதில் ஒரு பிடி நைமிரிஸ் வைக்காமல் விடுவதில்லை. கொழும்பில் காசு கொடுத்தால் கிடைக்கும்தான். ஆனாலும் நம்ம லயத்துப் பின்பக்கம் பறித்த கொச்சிக்காயின் வாசம் வேறு என்று பிள்ளைகள் சொல்வார்கள். பொலித்தீன் பையில் கட்டிய பழமோ வேர்த்துப்போய் மூன்று நாலு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. அதே பழத்தைச் சோஸாகக் காய்ச்சி அனுப்பினால் மாதக்கணக்கில் இருக்கும். கொழும்பிலேயே ஒரு சட்டியில் செடியும் வளர்க்கலாம். இரண்டையும் இந்த முறை பார்ப்போம்.

கொச்சியிலிருந்து வந்த காய் என்பதால் கொச்சிக்காய் என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் அந்தோனியார் கோயில் இருக்கும் கொச்சிக்கடையின் பெயரையும் அந்த ஊரோடு சேர்த்தே பேசுவார்கள். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வருமுன் நம் கறிகளுக்கு மிளகுதான் உறைப்பு. கொச்சிக்காயின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். நைமிரிஸ் சேர்ந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் 'சைனென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் சீனாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிங்களத்தில் 'நயி' என்றால் நல்லபாம்பு. கடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை!

உறைப்பு விதையில் இருக்கிறது என்றே பலர் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் கெப்சைசின் என்ற பொருள் அதிகம். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் வாய் எரிந்தால் தண்ணீர் குடிப்பதைவிடப் பாலோ தயிரோ நல்லது. குருவிகளுக்கு இந்த எரிவு தெரியாது. வேலியோரம் யாரும் போடாத கொச்சிச் செடி முளைப்பது அவை செய்யும் வேலை.

செடிக்கு வருவோம். நன்றாகச் சிவந்து பழுத்த பழத்தின் விதையை நிழலில் உலர்த்திப் போடுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும், பொறுமை வேண்டும். குளிரான தோட்டங்களில் விதைத் தட்டை அடுப்படிப் பக்கம் வைத்தால் சீக்கிரம் முளைக்கும். ஆறு இலை வந்ததும் பிடுங்கி நடலாம். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், கொச்சிக்காய்க்குப் பிடிக்காது. மலையில் கவாத்துக்காலத்தில் போடும் டொலமைட்டில் ஒரு பிடி குழி மண்ணில் கலந்து, இரண்டு வாரம் கழித்து நடுங்கள். தேயிலைப் பசளையை மட்டும் அள்ளிப் போட்டால் செடி இலையாகத் தழைக்கும், காய் குறையும். மாட்டெருவும் கூட்டுப்பசளையும் போதும்.

கொழும்பு மாடிவீட்டில் பழைய பெயின்ற் வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு, மேல்மண், கூட்டுப்பசளை, தும்புத்தூள் மூன்றையும் கலந்து நிரப்பலாம். களைநாசினி வந்த கேன் மட்டும் வேண்டவே வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் சரி. வெள்ளவத்தையில் கடல்பக்கம் பார்த்த பல்கனியில் உப்புக்காற்று இலையைக் கருக்கும். சுவர் மறைவில் வைத்து, இடைக்கிடை இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வெயில் மிஞ்சும் மாதங்களில் பூ உதிரும். மத்தியானத்துக்குக் கொஞ்சம் நிழல் கிடைத்தால் நல்லது. இலை சுருண்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ இருக்கும். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசலாம்.

இனிச் சோஸ். நைமிரிஸ் 200 கிராம், கரட் 150 கிராம், வெள்ளைப்பூடு 50 கிராம், வினாகிரி 400 மில்லிலீற்றர், உப்பு 25 கிராம், சீனி 50 கிராம். கரட் எதற்கு என்று கேட்பீர்கள். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற சின்ன நாட்டில், நைமிரிஸின் சொந்தக்காரனான ஹபனேரோவில் இப்படித்தான் கரட் சேர்த்துச் சோஸ் செய்கிறார்கள். உறைப்பு தணியும், நிறமும் தடிப்பும் கிடைக்கும். நுவரெலியாப் பக்கத்தில் நமக்குக் கரட்டுக்கா பஞ்சம்?

கைக்குப் பை கட்டிக்கொண்டு காம்பை நீக்கி வெட்டுங்கள். கை எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். எல்லாவற்றையும் எவர்சில்வர் சட்டியில் போட்டு, கரட் மெத்தென்று வேகும்வரை மெல்லிய நெருப்பில் வேக வையுங்கள். அலுமினியச் சட்டியை வினாகிரி அரிக்கும். ஆவி கிளம்பும்போது இருமல் வரும். ஒற்றைக் காம்பராவில் காய்ச்சாமல் வெளியடுப்பில் காய்ச்சுங்கள். கைக்குழந்தையும் இழுப்பு உள்ளவர்களும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆறியதும் அரைத்து, வடித்து, மறுபடி கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் கொதிநீரில் கிடந்த கண்ணாடிப் போத்தல்களில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.

இதில் விளையாடக்கூடாத சாமான் வினாகிரி. மிச்சம் பிடிக்க அதைக் குறைத்துத் தண்ணீர் ஊற்றினாலோ, வெள்ளைப்பூட்டையும் கொச்சிக்காயையும் பச்சையாக எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைத்தாலோ, காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலினம் என்ற கிருமி வளர இடமுண்டு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும், மூச்சையே நிறுத்தும். மணத்திலோ ருசியிலோ தெரியாமலும் இருக்கலாம். புளிப்பு போதிய அளவில், அதாவது பீ.எச். 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. நம் சோஸ் 4க்கும் கீழே நிற்கட்டும், பீ.எச். தாள் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். லேபிள் ஒட்டிய, 4 வீதத்துக்குக் குறையாத வினாகிரியே வேண்டும். றப்பர்ப்பால் உறைய வைக்கும் அசிட்டைத் தண்ணீர் கலந்து ஊற்றுவது சாப்பாட்டுக்கு ஆகாது.

சிறு போத்தலாக நிரப்புங்கள். திறந்தபின் குளிர்சாதனப்பெட்டியில் வைக்க வேண்டும். மூடி உப்பினாலோ, நுரை கட்டினாலோ ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

மகனுக்கு அனுப்பியதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் பத்துப் போத்தல் கேட்கக்கூடும். ரோல்ஸும் கொத்தும் விற்கும் இடத்தில் சோஸ் நித்தம் வேண்டிய சாமான். காசு வாங்கி விற்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நமக்கும்தான். பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, விலை, செய்தவரின் முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். விலை போடும்போது போத்தல், விறகு, பஸ் கூலி, உங்கள் அரைநாள் உழைப்பு நாலையும் கணக்கில் சேருங்கள். பெரும்பாலும் கடைசியில் சொன்னதைத்தான் விட்டுவிடுகிறோம். முதல் ஓடர் எடுக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ச் சந்தியுங்கள். போகும்போது ஒரு போத்தல் சோஸையும், நீங்கள் பாவித்த வினாகிரிப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.